சனிக்கிழமைச் சீட்டு

வெளிநாட்டு மனிதர்களுக்குப் பொழுது கூடிப்போனால் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்ள ஏதாவது ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வாளி நிறைய ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டது 2014-ல். அதைவிட உலர்ந்த வதை ஒன்றும் உண்டு. வருஷத்துக்கு 52 கிழமை, கிழமைக்கு ஒரு தலைப்பு, அந்தத் தலைப்புக்குள் அடங்குகிற ஒரு படம். இந்தக் கிழமை ரயிலுக்குள் நடக்கிற கதை என்றால் கதாநாயகன் பஸ்ஸில் ஏறிய உடனே படத்தைக் கழித்துவிட வேண்டும். பார்த்து முடித்ததும் குறித்து வைக்க வேண்டும், நட்சத்திரம் போட வேண்டும்.

இந்தச் செய்தியைப் பாலமுனைக்குக் கொண்டுவந்தவன் கெம்பஸ். அது அவனுடைய பெயர் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995-ல் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒரு கெம்பஸ் உண்டாகிவிட்டான். எங்களுடையவன் பட்டம் எடுத்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவன். தனுஷ் நடித்த ‘வேலையில்லாப் பட்டதாரி’ 2014-ல் படமாக வந்தது. எங்கள் ஊரில் அது ஒரு பதவி. அந்தப் பதவியில் இருப்பவனுக்குத்தான் 52 கிழமையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும்.

எங்கள் வாப்பாமாரிடம் இதைச் சவால் என்று சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்துக்கு 52 படம் என்பது அவர்களுக்கு ஒரு மாதக் கணக்கு. அது டெக் காலம். டீவி ஒன்றும் டெக் ஒன்றும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத வளவில் ஜெனரேட்டரை உறுமவிட்டு, பாய் விரித்து விடிய விடியப் பார்த்தவர்கள். தலைப்பு அப்போதும் இருந்தது, யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதல் கெசட் எம்ஜியார், அது பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும். அடுத்தது ரஜினி. மூன்றாவது கண்ணீர்ப் படம், பெண்களுக்கு. நாலாவது புரூஸ் லீ. யாருக்காக அதை எடுத்து வந்தார்களோ அவர்கள் அதற்குள் பாயில் வரிசையாக நித்திரை. மிஞ்சிய இரண்டு மூன்று பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளைமாக்ஸை நெருங்கும்போது சுபஹுக்குப் பாங்கு சொல்லிவிடும். பாங்கு சொன்னால் டெக்கை நிறுத்த வேண்டும். இதனால் எங்கள் பகுதியில் ஒரு முழுத் தலைமுறைக்குப் பல படங்களின் முடிவு தெரியாது. வில்லன் செத்தானா இல்லையா என்று இன்றைக்கும் சந்தேகத்தோடு வாழ்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் ஐந்து பேர். கெம்பஸைச் சொல்லிவிட்டேன். சேர் கணிதம் படிப்பிப்பவர், சட்டம் எழுத அவரை விட்டால் ஆள் இல்லை. போடியாருக்கு இரண்டு ஏக்கர் வயல்தான், ஆனால் பேச்சைக் கேட்டால் ஒலுவிலில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவனுடைய வெள்ளாமைதான் அசைகிறது என்று நினைப்பீர்கள். கட்டார் பல வருஷம் கட்டாரில் இருந்து திரும்பி வந்தவன். வரும்போது 55 அங்குல டீவி ஒன்றையும் கொண்டுவந்தான். சவாலுக்கு அவன் தகுதி பெற்றது இந்த டீவியால் மட்டுமே. ஐந்தாவது நான்.

சேர் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி வந்து முதல் பக்கத்தில் விதிகளை எழுதினார். தலைப்புத் தெரிவு சீட்டுப் பிடிக்கிற மாதிரி. துண்டு குலுக்கி, யாருடைய கிழமை என்று வருகிறதோ அவர் சொன்ன தலைப்பு. சனிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு ஆரம்பம். நடுவில் நித்திரை கொண்டவன் அடுத்த கிழமை எல்லோருக்கும் கொத்து வாங்கித் தர வேண்டும். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்ற சாட்டு ஏற்கப்படாது. குறட்டை இருந்தால் மேன்முறையீடும் இல்லை. 1947-ல் சத்யஜித் ராய் நண்பர்களோடு கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கியபோது குறட்டைக்கு என்ன ஏற்பாடு செய்தார்களோ, சேருடைய கொப்பியில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

இனி இடம். டீவி இருப்பது கட்டாரின் வீட்டில். கட்டாரின் வீடு என்பது கட்டாரின் மாமியாரின் வீடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கிழக்குக் கரையில் நாங்கள் கலியாணம் முடித்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை, நாங்களே போய்விடுகிறோம். வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை எத்தனை வருஷம் இருந்தாலும், எத்தனை அங்குலத்தில் டீவி கொண்டுவந்தாலும், வந்தவன்தான். நாங்கள் முன் மண்டபத்தில் கதிரை போட்டு உட்காருவோம். குசினிப் பக்கத்து வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்கு அங்கால் மாமியும் அவருடைய மகளும். திரைச்சீலையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு நீக்கல் எப்போதும் இருக்கும்.

மாமி எங்களோடு நேரே பேசுவதில்லை. மருமகனோடும் அப்படித்தான். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், ஒலுவில் வெளிச்சவீட்டுக்குக் கேட்கிற குரலில்.

முதல் சீட்டு சேருக்கு விழுந்தது. அவருடைய தலைப்பு, பாட்டு இல்லாத படம். போடியாருக்கு முகம் செத்துவிட்டது. பாட்டில்லாமல் எப்போது எழும்பி வெளியே போவது என்பது அவனுடைய கேள்வி. கெம்பஸ் ‘கைதி’ என்றான். ஓர் இரவு, ஒரு லொறி, பாட்டு இல்லை, 2019. சேர் சம்மதிக்கவில்லை. முதல் படம் முதலாவதாக இருக்க வேண்டும் என்றார். அப்படித்தான் 1954-ல் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’ வந்து சேர்ந்தது. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கியது. இசையையே தொழிலாகக் கொண்ட மனிதர் ஒரு பாட்டுக்கூட இல்லாமல், ஒரு நடனம்கூட இல்லாமல் எடுத்த படம். அக்காலத்தில் ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து பாட்டு என்பது சாதாரணம். தியேட்டருக்கு வந்த சனம் எப்படிக் கோபப்பட்டிருக்கும் என்பதைப் போடியாரின் முகத்தில் பார்த்துக்கொள்ள முடிந்தது.

கதை 1943-ல், சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் நடக்கிறது. வானொலி இஞ்சினியரான சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவராக ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950) பற்றிக் கெம்பஸ் ஒரு விரிவுரை தொடங்கினான். அது முதல் வசனத்தைத் தாண்டவில்லை. திரைச்சீலைக்கு அங்காலிருந்து குரல் வந்தது:

“புள்ள, பொண்டாட்டிக்காரிதான் சுட்டிருக்கா.”

படம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பண்டரிபாய் அப்போதுதான் அழத் தொடங்கியிருந்தார். “எப்பிடிம்மா சொல்றீங்க?” என்று மகள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

“அவன்ட மூஞ்சப் பாத்தா தெரியல்லயா? வெளியால போனா எங்க போறன் எண்டு வீட்டில சொல்லாத சாதி.”

கட்டார் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். மிச்சப் படம் முழுவதும் அந்தத் துப்பறியும் அதிகாரி சந்தேகிக்கிற ஒவ்வொருவருக்கும் மாமி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து விடுதலை கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் துப்பாக்கி மனைவியின் கையில்தான் இருந்தது. எழுபது வருஷப் பழைய இரகசியம், சொன்னால் குற்றமில்லை. சேர் கொப்பியில் நாலு நட்சத்திரம் போட்டார். பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ‘வீட்டுக்காரர் முன்கூட்டியே கண்டுபிடித்தார்’ என்றும் எழுதினார்.

பாட்டு இல்லாத படம் பார்த்த வேகத்தில் கெம்பஸ் அடுத்த தலைப்பைப் பேச்சு இல்லாத படம் என்று வைத்தான். 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘பேசும் படம்’. கமலும் அமலாவும் ஒரு சொல் பேசாமல் காதலிக்கிற படம். படத்தில் பேச்சு இல்லாததால் மண்டபத்தில் இருந்த எல்லோரும் பேசினோம். கமலுக்குச் சேர் வசனம் சொன்னார், அமலாவுக்குப் போடியார். ஐஸ் கட்டியால் செய்த கத்தியோடு வருகிற கொலைகாரனுக்குக் கட்டார் அரபியில் குரல் கொடுத்தான். அடுத்த நாள் பக்கத்து வளவுக்காரர் பள்ளிவாசல் படியில் என்னைப் பிடித்து, ராவு என்ன தகராறு, காணிப் பிரச்சினையா என்று விசாரித்தார்.

அடுத்த சீட்டு கட்டாருக்கு. அவன் தலைப்பே கொண்டு வரவில்லை. “நம்மட நாட்டில எடுத்த படம்” என்று சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். அந்தக் கிழமை நாங்கள் பார்த்ததைவிடச் சண்டை பிடித்ததுதான் கூட.

கெம்பஸ் ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்றான். 1957, கித்துல்கலையில் களனி ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதைக் குண்டு வைத்துத் தகர்த்து எடுத்த படம், ஏழு ஒஸ்கார். சேர் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் நம்முடையது, ஆனால் கதைப்படி அது தாய்லாந்து. அப்படியானால் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’. 1984, கண்டிப் பக்கம் எடுத்தது. அதுவும் கதைப்படி இந்தியா. இந்தியாவில் அனுமதி கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். சரி, ‘தீபன்’? 2015-ல் கானில் தங்கப்பனை வாங்கியது, எங்கள் சனத்தின் கதை, ஷோபாசக்தி கதாநாயகன். ஆனால் நடப்பது பாரிஸ் புறநகரில். ‘தெனாலி’யில் கமல் இலங்கைத் தமிழ் பேசினார், கொடைக்கானலில் நின்று. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் படகில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிவிட்டார்கள். சேர் கொப்பியில் கோடு கிழித்து இரண்டு நிரல் போட்டார். இங்கே எடுத்த படத்தில் நாங்கள் இல்லை, நாங்கள் இருக்கிற படத்தை இங்கே எடுக்கவில்லை. இரண்டு நிரலும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய சைபர்.

“அப்ப சிவாஜிட ‘பைலட் பிரேம்நாத்’?” என்றான் போடியார். 1978, இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து தயாரித்த படம், கூட மாலினி பொன்சேகா. பாதி நியாயம் இருந்தது. ஆனால் சேர் அந்தச் சைபரை விடுவதாக இல்லை. நமது நாட்டுத் தமிழ்ப் படம் என்று ஒரு சாதி இருந்ததே, அதைத் தேடு என்றார்.

இருந்ததுதான். 1962-ல் ‘சமுதாயம்’, அடுத்த வருஷம் ‘தோட்டக்காரி’ என்று தொடங்கி, 1972-ல் ‘குத்துவிளக்கு’, 1976-ல் வானொலி நாடகத்தில் இருந்து பிறந்த ‘கோமாளிகள்’, அடுத்த வருஷம் தர்மசேன பத்திராஜ எடுத்த ‘பொன்மணி’. 1978-ல் மட்டும் ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘ஏமாளிகள்’, ‘நான் உங்கள் தோழன்’ என்று வரிசையாக வந்தன. செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய ‘வாடைக்காற்று’ மீனவர் கதை. நடித்தவர்களில் ஒருவர் ‘சிலோன்’ மனோகர் என்று உலகம் அறிந்த ஏ.ஈ. மனோகரன். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசை வந்தது. கெம்பஸ் யூடியூப்பைக் குடைந்தான். யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர்களுக்கு வட்ஸ்அப் போட்டான். எங்கள் கைக்கு ஒரு முழுப் படமும் வந்து சேரவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அந்தக் கலவரத்தில் சாம்பலான படச் சுருள்களுக்குக் கணக்கு எழுத எந்தக் கொப்பியும் காணாது.

கடைசியாகக் கெம்பஸ் தன் பட்டியலில் மிச்சமிருந்த ஒரு பெயரை வாசித்தான். 1979-ல் வந்த இலங்கைப் படம், பெயர் ‘மாமியார் வீடு’.

மண்டபம் அமைதியானது. எல்லோரும் கட்டாரைப் பார்த்தோம். கட்டார் திரைச்சீலையைப் பார்த்தான்.

“அது கிடைக்கல்ல மச்சான்” என்று சேர் அவசரமாகச் சொன்னார். “கிடைக்காட்டியும் பரவாயில்ல, அதுக்குள்ளதானே இரிக்கிறம்” என்றான் போடியார். பிளேன்டீ அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் சென்று வந்தது. சீனி குறைவு.

போடியாரின் சீட்டு வந்தபோது அவன் நெஞ்சை நிமிர்த்தி ஒரு தலைப்புச் சொன்னான்: “படத்தில நம்மட ஆக்கள்.” தமிழ் சினிமாவில் முஸ்லிம். அவன் கையில் படம் தயார், ‘பாட்ஷா’. 1995, ரஜினி. சேர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் படத்தில் ரஜினியின் பெயர் மாணிக்கம். செத்துப்போன கூட்டாளி அன்வர் பாட்ஷாவின் பெயரைத்தான் கூட்டிக்கொள்கிறார். கூட்டாளியை இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் கொன்றுவிடுகிறார்கள். போடியார் விடவில்லை, பெயர் வைத்தால் போதும், தொப்பி தேவையில்லை என்று வாதாடினான். கெம்பஸ் ‘மாநாடு’ என்றான். 2021, சிம்புவின் பெயர் அப்துல் காலிக், ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. நான் ‘பாவமன்னிப்பு’ என்றேன். 1961, சிவாஜிக்குப் பெயர் ரஹீம். அதிலும் ரஹீம் பிறப்பில் ஹிந்து, வளர்ப்பில்தான் முஸ்லிம் என்று சேர் கண்டுபிடித்துச் சொன்னார். சரி, சோ எடுத்த ‘முகமது பின் துக்ளக்’? 1971. துக்ளக்காக வருகிறவன் துக்ளக்கே இல்லை, வேஷக்காரன். தமிழ் சினிமாவில் கலப்பில்லாத ஒரு முஸ்லிமைப் பிடிப்பது வெள்ளாமைக்குள் யானை இறங்காத வருஷத்தைத் தேடுவது போல என்று போடியாரே கடைசியில் சலித்துப்போனான்.

பார்த்த துண்டுகளில் இருந்து ஒன்று தெளிவாயிற்று. பழைய படங்களில் எங்கள் ஆள் வந்தால் அவருக்குத் தமிழ் வராது. கட்டம் போட்ட சாரம், பச்சை பெல்ட், வாயைத் திறந்தால் ‘நம்பள்கி நிம்பள்கி’. மாமிக்கு இது பொறுக்கவில்லை.

“புள்ள, இவர் எந்த ஊர்?”

“படத்தில முஸ்லிமாம் உம்மா.”

“முஸ்லிமெண்டா ஏன் தமிழ் தெரியா? ஓதப் போகல்லயா, பள்ளிக்கூடம் போகல்லயா?”

தலைமுறை தலைமுறையாகத் தமிழிலேயே பேசி, பாடி, வயல் செய்து, மீன் பிடித்து, வட்டை விதானையோடு தண்ணீருக்குச் சண்டை பிடித்து வருகிற ஒரு கரையில் இருந்து கேட்கப்பட்ட கேள்வி. கோடம்பாக்கத்தில் யாராவது பதில் சொல்ல வேண்டும். பிற்பாடு வந்த படங்களில் தமிழ் திருந்திவிட்டது, ஆனால் கையில் குண்டைக் கொடுத்துவிட்டார்கள். பிரியாணிச் சட்டியோடு வாசலில் நின்று சிரிக்கிற நல்ல பாய் ஒருவர் உண்டு. அவருக்கும் படத்தில் வேறு வேலை கிடையாது. வயலுக்கு உரம் வாங்கக் கடன் கேட்டு அலைகிற ஒரு முஸ்லிமை இன்னும் ஒரு படத்திலும் காணவில்லை என்பது போடியாரின் குறை. அந்தக் கதாபாத்திரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் தான் தயார் என்றும் சொன்னான்.

கடைசியில் 2008-ல் வந்த ‘தசாவதாரம்’ போட்டோம். கமலின் பத்து வேஷத்தில் கலிஃபுல்லா கான் ஒன்று, வாசல் நிலையில் தலை முட்டுகிற உயரம். அந்தக் கானை மாமிக்குப் பிடித்துப்போயிற்று, மரியாதை தெரிந்த பிள்ளை என்றார். படம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கடல் எழும்பி வருகிறது. அதில் வருகிற நாள் 2004 டிசம்பர் 26. தலைப்பைப் பற்றி மணிக்கணக்காகத் தர்க்கித்த எங்களில் ஒருவருக்கும் படத்தின் முடிவு நினைவில் வரவில்லை. இலங்கையில் அன்றைக்கு ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தது இந்த மாவட்டம்தான். திரைச்சீலை அசைந்து மூடிக்கொண்டது. கட்டார் ரிமோட்டை எடுத்து அணைத்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, சேர் நட்சத்திரம் போடவில்லை. பிறகொரு நாள் கெம்பஸ் உலக ரீதியான சவால்களில் பேரழிவுப் படங்கள் என்று ஒரு கிழமை வரும் என்றபோது, அந்த ஒரு தலைப்பு மட்டும் வாதம் இல்லாமல் கொப்பியில் வெட்டுப்பட்டது.

நோன்பு நெருங்கி வர, சேர் தலைப்பைக் கொஞ்சம் அடக்கமாக வைத்தார். ‘த மெசேஜ்’. முஸ்தபா அக்காத் 1976-ல் எடுத்தது. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். நபியவர்களைக் காட்டாமல், குரலும் கேட்கவிடாமல், அவர்கள் நிற்கிற இடத்தில் கமராவை நிற்கவைத்து எடுத்த படம். ஒரே செட்டில் ஆங்கிலத்துக்கு ஒரு கூட்டம், அரபிக்கு ஒரு கூட்டம் என்று இரண்டு தடவை நடித்து முடித்தார்கள். ஆங்கிலத்தில் ஹம்ஸாவாக வருவது அந்தனி குவின். டெக் காலத்தில் ஊரே பார்த்த கெசட் இது. தியேட்டர் பக்கமே தலை வைக்காத பெரியவர்களும் இதற்கு மட்டும் பாயில் வந்து உட்கார்ந்ததுண்டு. இந்தச் செய்தி எப்படியோ ஒழுங்கைக்குள் பரவி, சனிக்கிழமை திரைச்சீலைக்கு அங்கால் அரைக் கிராமம் கூடியிருந்தது. சின்னம்மா, பெரியம்மா, ராத்தாமார், அவர்களின் பிள்ளைகள். இங்கால் ஐந்து பேருக்கும் தட்டுத் தட்டாகப் பலகாரம் வந்தது. கதிரை காணாமல் நாங்களே நிலத்துக்கு இறங்கினோம். படம் முடிந்தபோது ஒருவர்கூட நித்திரை இல்லை. நித்திரை கொள்ள இடமும் இல்லை.

என் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தலைப்பு, சின்னப் பிள்ளைகளின் கதை. படம் மஜீத் மஜீதியின் ஈரானியப் படம் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’, 1997. தங்கையின் சப்பாத்தை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் வாப்பாவிடம் காசு இல்லை. அண்ணனின் சப்பாத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். கதை இவ்வளவுதான். கட்டார் பத்து நிமிஷத்தில் நித்திரை, கொத்து உறுதி. போடியார் முதலில் புறுபுறுத்தான். ஒரு சோடி சப்பாத்துக்கு இவ்வளவு நேரமா, வாப்பாக்காரனிடம் சொன்னால் முடிகிற கதை என்றான். பிறகு சத்தம் குறைந்தது. முன்னுக்குக் குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிவிட்டான்.

கடைசியில் ஒரு ஓட்டப் போட்டி. மூன்றாம் இடத்துக்குப் பரிசு ஒரு சோடி சப்பாத்து. பையனுக்கு முதலாம் இடம் வேண்டாம், இரண்டாம் இடம் வேண்டாம், சரியாக மூன்றாவதாக வர வேண்டும். ஓடுகிறான். தள்ளுப்படுகிறான், விழுகிறான், எழும்பி மறுபடி ஓடுகிறான். பதற்றத்தில் எல்லோரையும் முந்தப் போகிறான்.

போடியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

“மெதுவா ஓடுடா! டேய் மனே, மெதுவா! அவன உட்டுட்டுப் போடா!”

திரைச்சீலைக்கு அங்காலிருந்து மாமியும் சேர்ந்துகொண்டார். மகளிடம் சொல்ல நேரமில்லை, நேரே டீவிக்கே சொன்னார். “நில்லுடா வாப்பா, நில்லு!” பையன் நிற்கவில்லை. முதலாம் இடம் வந்துவிட்டான். எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாட அவன் அழுகிறான். போடியார் கதிரையில் பொத்தென்று விழுந்து, இந்தப் போட்டி செல்லாது, மறுபடி நடத்த வேண்டும் என்றான். சத்தத்தில் விழித்த கட்டார் யார் செத்தது என்று கேட்டான். அதன் பிறகு போடியார் என்னோடு ஒரு கிழமை சரியாகப் பேசவில்லை. முதலாம் இடம் வந்ததற்காக ஒரு பிள்ளையை அழவைக்கிற படத்தை நான் வேண்டுமென்றே கொண்டுவந்து போட்டேனாம்.

நோன்பு வந்தது, சவால் நின்றது. பெருநாள் கழிந்து, பெரும்போக வெள்ளாமையும் வீடு வந்து சேர்ந்த பிறகு நாங்கள் மறுபடி கூடிச் சீட்டுக் குலுக்கப் போனபோது, திரைச்சீலைக்கு அங்காலிருந்து குரல்:

“புள்ள, வீடு நம்மட. கரண்ட் பில்லு நம்மட. தேத்தண்ணி நம்மட. நமக்கு ஒரு சீட்டில்லயா எண்டு கேளு.”

விதியில் இதற்கு இடமில்லை என்று சேர் கொப்பியைப் புரட்டினார். பிறகு கட்டாரின் முகத்தைப் பார்த்துவிட்டு மாமியின் பெயரை ஆறாவதாக எழுதினார். குலுக்காமலே சீட்டும் மாமிக்கு விழுந்தது. தலைப்பு தயாராக இருந்தது: மருமகன் மாமியை மதிக்கிற படம்.

கெம்பஸ் கைபேசியை எடுத்தான். 1989-ல் ரஜினியின் ‘மாப்பிள்ளை’, மாமியாராக ஸ்ரீவித்யா. மாமி கதை கேட்டார். மருமகன் சவால் விட்டு மாமியாரை அடக்குகிற கதை என்றதும் வேண்டாம் என்றார். அதற்கு முந்தி, 1969-ல் பாலசந்தரின் ‘பூவா தலையா’, மாமியாராக எஸ். வரலட்சுமி. அதிலும் மாமியார்தான் கடைசியில் இறங்கி வர வேண்டும். சிங்களப் படம் தேடினோம், மலையாளம் தேடினோம். ஈரானில் இருக்கக்கூடும் என்று சேர் அபிப்பிராயப்பட்டார். போடியார் எம்ஜியார் படமாகச் சொல்லிப் பார்த்தான். எம்ஜியார் தாயை மதிப்பார், மாமியாரை மதித்த இடம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கட்டார் டீவிக்குப் பின்னால் போய் வயரைச் சரிபார்க்கத் தொடங்கினான். வயரில் ஒரு பிழையும் இல்லை.

“என்ன புள்ள, ஒண்டும் இல்லயாமா?”

“தேடுறாங்களாம் உம்மா.”

“இல்லாட்டி உடு. முதல்ல பாத்தமே, புருசன் செத்துக் கிடக்கிற படம். அதையே திருப்பிப் போடச் சொல்லு.”